பாசிமணி கோத்தலில் நிறப் பொருத்தம்



வலப்பனைப் பகுதியின் தேயிலை மலைகளில் வளர்ந்தவர்களுக்குப் பாசிமணி புதிய பொருளன்று. பிறந்த குழந்தையின் கையிலே கட்டும் கருமணி முதல், மாரியம்மன் திருவிழாக் கடையில் தொங்கும் பலநிறச் சரம் வரை, அந்தச் சிறு கண்ணாடி மணிகள் நம் வாழ்வோடு கூடவே வருகின்றன. அம்மணிகளை நிறம் பொருந்தக் கோப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

எங்கள் லயத்திற்கு மின்விளக்கு வராத காலம் அது. என் தமக்கையார் பகலெல்லாம் கொழுந்து பறிப்பார். இரவில், குப்பி விளக்கின் அருகே அமர்ந்து மணி கோப்பார். ஓராண்டு திருவிழாவுக்கென்று பன்னிரண்டு சரங்கள் கோத்தார். அவற்றை விற்று வரும் பணத்தில் எனக்குக் கொப்பியும் புத்தகமும் வாங்குவதாக ஏற்பாடு. கருமணிச் சரங்கள் சில. சிவப்பும் பச்சையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தவை சில. விளக்கொளியில் கையில் ஏந்திப் பார்த்தபோது அவை கண்ணைப் பறித்தன.

திருவிழாவன்று காலை வெயிலில் அவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டோம். கருமணிச் சரங்களுள் கருநீல மணிகள் பல கலந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதுமட்டுமன்று, நல்ல கரிய மணிகளும் வெளுத்துப் பழுப்பேறியவை போலத் தோன்றின. சிவப்பும் பச்சையும் கலந்த சரங்களோ, எட்ட நின்று பார்ப்பவர்க்கு வெறும் மண் நிறமாகத் தெரிந்தன. மாலை வரை இரண்டே சரங்கள் விலை போயின. வீடு திரும்பும் வழியில் தமக்கையார், “தம்பி, குறை மணியிலா, என் கையிலா?” என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை.

அவ்விடையைக் காணுமுன், கண்ணாடி மணி பிறக்கும் கதையைச் சிறிது அறிந்துகொள்வது நன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மணி செய்வதில் பெயர் பெற்றிருந்த துறைமுகம். 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். அவ்வகைச் சிறு மணிகள் தென்கிழக்கு ஆசியாவிலும், கொரியா, யப்பான் முதலிய நாடுகளிலும், ஆப்பிரிக்காவின் கீழைக் கரையிலும் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் மன்னாரை அடுத்த மாந்தையையும், மணி செய்த தலங்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த நம் முன்னோரில் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளையை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். தம் கழுத்தில் கிடந்த பாசிமணிக்கும் அக்கரைக்கும் இத்துணைப் பழைய உறவு உண்டென்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

மணி செய்யும் முறையும் வியப்பானது. இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைத் திரட்டி, நடுவிலுள்ள துளை கெடாதவாறு நெடுங்குழலாக இழுப்பார்கள். ஆறிய குழலைச் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். பின்னர் அத்துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்குவார்கள். சாம்பல் துளையை அடைபடாமல் காக்கும். சூடு கூரிய விளிம்பை மழுங்கச் செய்யும். திருப்பதிக்கு அண்மையிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கையாளப்பட்டதை ஆய்வாளர்கள் நேரிலே கண்டு எழுதியிருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு நிறம் தருவன உலோகங்கள். கோபால்ட் சிறிதளவு சேர்ந்தாலே ஆழ்ந்த நீலம் உண்டாகும். மங்கனீசு ஊதா நிறத்தைத் தரும். ஈயமும் வெள்ளீயமும் கூடி, ஒளி ஊடுருவாத மஞ்சளை ஆக்கும். செம்பின் செயலோ எல்லாவற்றினும் விந்தையானது. உலையில் காற்று தாராளமாக இருந்தால் அது பசுமை கலந்த நீலத்தைத் தருகிறது. காற்றுக் குறைந்து புகை மிகுந்தால், அதே செம்பு செங்கல் போன்ற சிவப்பைத் தருகிறது. பொருள் ஒன்று, சூழல் இரண்டு, ஆகவே நிறமும் இரண்டு. உலையில் காணும் இவ்வுண்மையை, வேறொரு வகையில், மணி கோப்பவர் தம் மடியிலும் காணலாம்.

முதலாவது, ஒளி. பொருளின் மேல் விழும் ஒளியில் எந்நிறம் உள்ளதோ, அதையே பொருள் நமக்குத் திருப்பித் தர முடியும். எண்ணெய் விளக்கின் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி. நீலம் மிகக் குறைவு. நீல ஒளியே இல்லாத இடத்தில் நீல மணி எதைக் காட்டும்? அது கறுப்போடு கறுப்பாக நின்றுவிடும். அவ்வாறே வெளிர் மஞ்சள் மணி வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும். இன்று மின்விளக்கு வந்துவிட்டது. எனினும் விளக்குக்கு விளக்கு ஒளியின் தன்மை வேறுபடும். ஆதலால் மணிகளைத் தரம் பிரிக்கும் வேலையைப் பகலில், வாசற்படியில், வெள்ளைத் துணியை விரித்துச் செய்வதே நலம். கோக்கும் வேலையை வேண்டுமானால் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்தி மயங்கும் வேளைக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. ஒளி மிகக் குறையும்போது சிவப்பு முதலிற் கருகும். நீலமும் பச்சையும் சற்று நேரம் துலங்கி நிற்கும். செக் நாட்டு அறிஞரான புர்க்கினே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை எடுத்துரைத்தார். அந்திப் பூசைக்கு அணியும் செம்மணிச் சரத்தில் இடையிடையே வெண்மணிகள் இருந்தால், இருள் கவியும்போதும் சரம் மறையாது.

இரண்டாவது, அயல் நிறம். பாரிசு நகரத்தில் கோப்லென் என்னும் திரைச்சீலை நெசவுச்சாலை ஒன்றுண்டு. அதன் சாயப் பகுதிக்கு 1824 ஆம் ஆண்டில் செவ்ரோல் என்னும் இரசாயன அறிஞர் தலைவரானார். கறுப்புச் சாயம் நன்றாகப் பிடிக்கவில்லை என்று அவரிடம் முறையிட்டார்கள். அவர் நூலை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே வைத்து நெய்தபோதுதான் அந்தக் கறுப்பு வலியிழந்து தோன்றியது. ஒரு நிறம் தனக்கு அருகிலுள்ள நிறத்தைத் தன்னினின்று விலக்கித் தள்ளுகிறது. நீலத்தின் அருகே நிற்கும் கறுப்பில், நீலத்துக்கு எதிரான செம்மஞ்சட் சாயல் ஏறிவிடுகிறது. இவ்வாராய்ச்சியை அவர் 1839 இல் பெருநூலாக வெளியிட்டார். எங்கள் தமக்கையாரின் கருமணி வெளுத்துத் தோன்றிய காரணமும் இதுவேதான்!

இதே விதி நன்மையும் செய்யும். பச்சைத் தேயிலைச் சரிவிலே சிவப்பு உடுத்தி நிற்கும் பெண்ணை மலைக்கு அப்பாலிருந்தும் நாம் அடையாளம் காண்பது எதனால்? பச்சையின் நடுவே சிவப்பு தன் இயல்பினும் மிகுதியாக ஒளிர்வதனால் அன்றோ? நீலத்தின் அருகே செம்மஞ்சளும், ஊதாவின் அருகே மஞ்சளும் அவ்வாறே உயிர் பெறும். வலிய இரு நிறங்கள் நெருங்கி ஒன்றோடொன்று பொருதுவதாகத் தோன்றினால், நடுவே ஒரு வெள்ளை மணியையோ கறுப்பு மணியையோ வைத்தால் போதும். தேவாலயச் சன்னல்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளுக்கிடையே ஓடும் கரிய ஈயப் பட்டை, துண்டுகளை இணைப்பதோடு நிறங்களைப் பிரித்துக் காட்டும் இப்பணியையும் செய்கிறது.

மூன்றாவது, தொலைவு. சிறு மணிகளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நம் கண்ணால் அவற்றைத் தனித்தனியே பிரித்தறிய முடிவதில்லை. அடுத்தடுத்த நிறங்களை ஒன்றாகக் கலந்தே காண்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்த சிவப்பும் பச்சையும் மங்கிய மண் நிறமாகும். மஞ்சளும் நீலமும் சாம்பல் நிறமாகும். ஐந்து சிவப்பு, ஒரு வெள்ளை, ஐந்து பச்சை, ஒரு வெள்ளை என்று தொகுதி தொகுதியாகக் கோத்தால் இக்கலப்பு நேராது. எனவே கோத்த சரத்தை ஆணியில் மாட்டி, பத்துப் பன்னிரண்டு அடி பின்வாங்கி நின்று ஒருமுறை பார்ப்பது அவசியம். அணிபவர் தம் கழுத்து மாலையைப் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவரே பார்க்கிறார்.

நான்காவது, மணியின் ஊடே தெரியும் பொருள். ஒளி ஊடுருவும் மணிக்குள் நூலும், அதன் பின்னே தோலும் தெரியும். வெளிர் நீலப் பளிங்கு மணியைக் கறுப்பு நூலில் கோத்தால் அது மங்கும். வெள்ளை நூலில் கோத்தால் உள்ளே விளக்கு ஏற்றியது போலத் துலங்கும். நம்மவரின் மாநிறக் கழுத்திலே ஊடுருவும் மணிகள் சற்றே இருண்டு காண்பது இயல்பு. ஒளி ஊடுருவாத மஞ்சள், செங்கற் சிவப்பு, பசுநீலம் ஆகியவையோ அந்நிறத்தின் மேல் எடுப்பாக நிற்கும். கடைப்பலகையில் பார்த்த அழகைக் கொண்டு முடிவு செய்யாமல், சரத்தைக் கழுத்தருகே பிடித்துப் பார்த்த பின்னரே முடிச்சிட வேண்டும்.

இறுதியாக, அளவு. எல்லா நிறங்களுக்கும் சம உரிமை கொடுத்தால் சரத்திற்குத் தலைமை இல்லாமற் போகும். பத்து மணிகளில் ஏழு ஒரு நிறம், இரண்டு அதற்குத் துணை, ஒன்று கண்ணை இழுக்கும் மூன்றாம் நிறம் என்று தொடங்கிப் பார்க்கலாம். இது சட்டமன்று, தொடங்குவதற்கு ஒரு பிடிப்பு, அவ்வளவே. குன்றிமணியைப் பாருங்கள், பெரும்பகுதி சிவப்பு, சிறுபகுதி கறுப்பு. இரண்டும் பாதிப் பாதியாக இருந்தால் அந்தக் கவர்ச்சி இருக்குமோ?

கையால் செய்த மணிகளைக் கோப்பவர் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். உலைக்கு உலை நிறம் சிறிது மாறுவதால், சிவப்பு என்று வாங்கிய ஒரு பிடியிலேயே மூன்று வகைச் சிவப்பு இருக்கும். அவற்றை வகையின்றிக் கலந்தால் பிழைபோலத் தெரியும். ஆழ்ந்த சிவப்பை நடுவிலும், வெளிறியதை இரு முனைகளிலும் வைத்துப் படிப்படியாகக் கோத்தால், அந்த வேறுபாடே அழகாகிவிடும். எந்திரத்தில் வார்த்த மணிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். அவற்றிலே இவ்வாய்ப்பு இல்லை.

இனி, எங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். அந்தத் திருவிழாவில் விலை போகாத பத்துச் சரங்களையும் தமக்கையார் எறிந்துவிடவில்லை. புதிய மணி வாங்கப் பணமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் வாசற்படியில் துணியை விரித்து, எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டினார். கருநீலத்தைக் கறுப்பினின்று பிரித்தார். பிரித்த நீலத்துக்கு மஞ்சளைத் துணை சேர்த்தார். சிவப்பையும் பச்சையையும் தொகுதிகளாக்கி, இடையே வெள்ளை மணி வைத்தார். செவ்ரோலின் பெயரையோ புர்க்கினேயின் பெயரையோ அவர் கேள்விப்பட்டதில்லை. கோத்தும் அவிழ்த்தும், எட்ட நின்றும் கிட்ட வந்தும் பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். அதற்கான காரணங்களைப் பின்னாளில் புத்தகங்களிற் படித்தவன் நான்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் ஒன்பது சரங்கள் விலை போயின. என் கொப்பிகளும் வந்து சேர்ந்தன. பத்தாவது சரத்தைத் தமக்கையார் விற்கவில்லை; தம் கழுத்திலே போட்டுக்கொண்டார்.

“குறை மணியிலா, என் கையிலா?” என்று அவர் கேட்டாரே, அதற்கு விடை இப்போது எனக்குத் தெரியும். குறை மணியிலும் இல்லை. உழைத்த கையிலும் இல்லை. நிறம் என்பது மணிக்குள்ளே மட்டும் இருப்பதன்று. அதன்மேல் விழும் ஒளியும், அதன் அருகில் நிற்கும் மணியும், பார்ப்பவர் நிற்கும் இடமும் சேர்ந்தே அந்நிறத்தை ஆக்குகின்றன. ஒரு மணி மங்கித் தோன்றினால் அதை ஒதுக்கிவிடுமுன், அதன் அயலை மாற்றிப் பாருங்கள். பயனற்றது என்று நினைத்த மணியே அந்தச் சரத்துக்கு ஒளி தருவதாக அமையலாம்.