பரணில் தூங்கும் டப்பா... பட்டையைக் கிளப்புதுப்பா!

உங்க வீட்டு டி.வி-க்குப் பின்னாடி, கறுப்பா, சோப்பு டப்பா சைஸுல ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்குதா பாஸ்? 'சாதா டி.வி-யை ஸ்மார்ட் டி.வி ஆக்கும்'னு நம்பி வாங்கி, ஆறே மாசத்துல ஆமை வேகத்துக்கு வந்து, கடைசியில பரணுக்குப் போயிருக்குமே... அதேதான்! தூக்கிப் போட்டுடாதீங்க.

எங்க மாமா வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. "மாப்ள, இன்ஜினீயரிங்தானே படிக்கிறே... இதைச் சரி பண்ண மாட்டியா?"ன்னு கேட்டு தன்மானத்தைச் சீண்டிட்டார். "உடைச்சே, உன் பாக்கெட் மணியில புதுசு!"ன்னு கண்டிஷன் வேற. மனுஷன் 90-கள்ல டி.வி கேம் கேசட்டை வாயால ஊதி ஊதி விளையாடின கோஷ்டி. சரி, இதையே கேம் கன்சோல் ஆக்கிடுவோம்னு குதிச்சுட்டேன்.

யூடியூபுக்கே மூச்சு வாங்குற டப்பாவுல கேமா? சந்தேகம் நியாயம்தான். ஆனா, மாமா ஆடின டி.வி கேம் எல்லாம், 1983-ல ஜப்பான்ல நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமோட காப்பிகள். ஃபேமிகாமோட மெமரி எவ்ளோ தெரியுமா? வெறும் 2 கேபி! 1 ஜிபி மெமரி இருக்குற டப்பான்னா, அதைவிட ஐந்து லட்சம் மடங்கு. யானைக்கு சோளப்பொரி!

மேட்டர் இதுதான். டப்பாவுக்குள்ள அம்லாஜிக் சிப் இருந்தா, 'எமுஎலெக்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. கம்ப்யூட்டர்ல டவுன்லோடு பண்ணி மெமரி கார்டுல எழுதணும். சும்மா காப்பி-பேஸ்ட் பண்ணா வேலைக்கு ஆகாது, ரூஃபஸ் மாதிரி ஒரு புரோகிராம் வேணும். கார்டைச் சொருகி, ஏவி ஓட்டைக்குள்ள பல் குத்துற குச்சியை விட்டா 'டிக்'னு ஒரு பட்டன் சிக்கும். அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பவர் போடுங்க. (சில டப்பாக்கள்ல பட்டன் வேற இடத்துல இருக்கும், தேடுங்க!) டப்பா கார்டுல இருந்து எழுந்திருக்கும். உள்ளே இருக்குற ஆண்ட்ராய்டு அப்படியே இருக்கும். கார்டை உருவினா பழைய டப்பா. இந்த ஒரு விஷயம் தெரிஞ்ச பிறகுதான் எனக்குக் கை நடுக்கமே நின்னுச்சு.

ஆனா, முதல் நாள் ராத்திரி முழுக்க வெறும் கறுப்பு ஸ்கிரீன். எந்த சிப், எவ்ளோ மெமரின்னு கார்டுக்குச் சொல்றதுக்கு 'டிடிபி'ன்னு ஒரு குட்டி ஃபைல் உண்டு. கார்டுலயே ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கும். நம்ம டப்பாவுக்கு ஏத்ததை எடுத்து, வெளியே வெச்சு, பேர் மாத்தணும். டப்பா மேல 2 ஜிபின்னு ஸ்டிக்கர். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸும் 2 ஜிபின்னு சத்தியம் பண்ணுது. நானும் 2 ஜிபி ஃபைலையே மாத்தி மாத்திப் போட்டு நொந்துட்டேன். விடிகாலையில வெறுத்துப்போய் மூடியைக் கழட்டி, மெமரி சிப்ல இருந்த நம்பரைத் தேடிப் பார்த்தா... 1 ஜிபிதான்! ஸ்டிக்கரும் பொய், செட்டிங்ஸும் பொய். 1 ஜிபி ஃபைலைப் போட்டதும் அடுத்த நிமிஷம் லோகோ வந்துச்சு. சிப் எஸ்905டபிள்யூ. அதனால சொல்றேன், ஸ்டிக்கரை நம்பாதீங்க, ஸ்க்ரூ டிரைவரை நம்புங்க. ராக்சிப், ஆல்வின்னர்னு வேற சிப் இருந்தா இந்த வழி செல்லாது.

பேர் தெரியாத டப்பாக்கள்ல இன்னொரு வில்லங்கமும் உண்டு. கடைக்கு வரும்போதே உள்ளே வைரஸோட வர்ற ரகங்கள் இருக்கு. 2025 ஜூன்ல அமெரிக்காவோட எஃப்.பி.ஐ-யே 'பேட்பாக்ஸ் 2.0'ன்னு பேர் சொல்லி எச்சரிச்சுது. கார்டுல ஓடுறப்போ ஆண்ட்ராய்டு தூங்கிட்டுத்தான் இருக்கும். இருந்தாலும் நான் மாமா வீட்டு வைஃபை பாஸ்வேர்டை அந்த டப்பாவுக்குக் கொடுக்கவே இல்லை. கேம் ஆட எதுக்கு நெட்?

கேமுக்கு எங்கே போறது? நெட்டுல மூட்டை மூட்டையா கிடைக்கும்தான். ஆனா 1985-ல வந்த சூப்பர் மேரியோவுக்கு இன்னமும் காப்பிரைட் உயிரோட இருக்கு மக்களே. பழைய மெஷின்களுக்காக இப்பவும் புதுசா கேம் எழுதி இலவசமாத் தர்ற பைத்தியக்காரங்க இருக்காங்க (பாராட்டுதான்!). கேம்பாய்க்காக 2017-ல வந்த 'டோபு டோபு கேர்ள்' ஆடிப் பாருங்க, செம! 2019-ல வந்த 'மைக்ரோ மேஜஸ்' காசு கொடுத்து வாங்கணும். மொத்த கேமும் 40 கேபி-க்குள்ள அடக்கம். நாலு பேர் சேர்ந்து ஆடலாம், ஹாஸ்டலுக்கு ஏத்தது.

பிளேஸ்டேஷன் ஒன் வரைக்கும் பெரும்பாலும் தாராளமா ஓடும். நின்டெண்டோ 64-ல இருந்து திணறல்தான், ஆசைப்படாதீங்க. ஆஃப் பண்றப்போ மெனுவுல போய் ஷட்டவுன் பண்ணுங்க. சுவிட்சைப் பட்டுனு தட்டினா கார்டு காலி.

ஞாயித்துக்கிழமை மாமாவை உட்கார வெச்சு, யூ.எஸ்.பி ஜாய்ஸ்டிக்கைக் கையில கொடுத்தேன். முதல் குழியிலேயே அவுட். "நான் அமுக்கினேன்டா, அவன் குதிக்கலை!"ன்னு ஒரே சண்டை. தப்பு அவர் மேல இல்லை. இப்போ இருக்குற எல்.இ.டி டி.வி-ங்க படத்தை அழகுபடுத்துறேன்னு கொஞ்சம் லேட்டாக் காட்டும், பழைய டியூப் டி.வி-யில அந்தப் பிரச்னையே கிடையாது. டி.வி செட்டிங்ஸ்ல 'கேம் மோட்' போட்டதும் சரியாயிடுச்சு.

அதுக்கப்புறம் ஜாய்ஸ்டிக் என் கைக்கு வரவே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு போன். "மாப்ள, ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுச்சுடா. அப்போன்னா கேசட்டை ஊதுவேன். இப்போ எதைடா ஊதுறது?"