இரையும் குரலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில், ராக்கி மலைத்தொடரைச் சார்ந்து கிடக்கும் ஐடஹோ மாநிலத்தில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக 2009ஆம் ஆண்டில் ஓநாய் வேட்டை சட்டபூர்வமாக அனுமதிக்கப்பட்டபோது, 30,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கினார்கள். 220 ஓநாய்கள் வரையில் கொல்லலாம் என்று அரசாங்கம் வரம்பு விதித்திருந்தது. மறு ஆண்டு மார்ச் மாத இறுதிவரை பருவத்தை நீட்டித்தும் அந்த வரம்பு நிரம்பவில்லை; வீழ்ந்த ஓநாய்களின் தொகை 200ஐக்கூட எட்டவில்லை. சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் மான் வேட்டைக்குப் போகும் வழியில் ஓநாயும் கண்ணில் பட்டால் படட்டும் என்று எண்ணிச் சென்றவர்கள். ஓநாயோ அப்படித் தற்செயலாகக் கண்ணில் படுகிற பிராணியன்று.

ஓநாய்க் கூட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு தாயும் தந்தையும், அவை ஈன்று இன்னும் பிரிந்து போகாத குட்டிகளும் சேர்ந்த ஒரு குடும்பமே. அந்தக் குடும்பம் தனக்கென்று வகுத்துக்கொள்ளும் பிரதேசம், அங்கே கிடைக்கும் ஆகாரத்தைப் பொறுத்து, சில நூறு சதுர கிலோமீட்டரிலிருந்து ஆயிரத்துக்கும் மேலாக விரியும். அதற்குள் இன்று ஒரு பள்ளத்தாக்கு, நாளை வேறொரு மலைச்சரிவு என்று ஓயாமல் நடப்பதே அதன் தொழில். போதாக்குறைக்கு, மனித வாடையைக் காற்றிலேயே கண்டுகொள்ளும் மூக்கும், ஒருமுறை பட்டதை மறவாத புத்தியும் அதற்கு உண்டு. ஆகவே அதைத் தேடிப் போவதைவிட, இருக்கும் இடத்துக்கு அதை வரவழைப்பதே மேல் என்று அநுபவசாலிகள் முடிவு கட்டினார்கள். வரவழைப்பதற்கு உள்ள உபாயங்கள் இரண்டு: ஒன்று, அதன் பசியைத் தொடும் இரை, மற்றொன்று, அதன் உறவையும் பகையையும் தொடும் குரல். இவற்றுள் எது சாமர்த்தியம், எது நியாயம் என்ற விவகாரம் வேட்டைக்காரர்களிடையே மட்டுமின்றிச் சட்டசபைகளிலும் இன்றளவும் நடந்துகொண்டிருக்கிறது.

இரை வைப்பது பார்வைக்கு எளிய காரியம். கடுங்குளிர்காலத்தில், இறந்த மாட்டையோ, சாலையில் அடிபட்ட மானையோ, தோலுரித்த பீவரின் உடலையோ கொண்டுவந்து, உறைந்த ஏரியின் மேலோ மரங்களற்ற வெளியிலோ இட்டு, துப்பாக்கி எட்டும் தூரத்தில் ஒரு மறைவுக் குடில் அமைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஓநாய் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிடாமல் அங்கேயே நின்று கடித்துப் போராடும்படி, இறைச்சியைத் தண்ணீரில் இட்டுப் பெரும் பனிக்கட்டியாக உறையவைப்பதும் உண்டு. முதலில் வருபவை அண்டங்காக்கைகள். அவற்றின் ஆரவாரமே ஓநாய்களுக்கு அழைப்பாகிறது. ஆயினும் அவை நேரே வந்து வாய் வைப்பதில்லை. காற்று எதிர்ப்படும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடித்து, ஐயம் நீங்கும்வரை விலகியே நின்று, பெரும்பாலும் இருட்டிய பிறகே நெருங்குகின்றன. இதனால் நாள் கணக்கில் குளிரில் உட்கார்ந்துவிட்டு, விடிந்தபின் காலடித் தடங்களை மட்டும் கண்டு திரும்புவது இரை வைப்போருக்குச் சகஜம்.

இவ்வளவு எச்சரிக்கையுள்ள பிராணி செத்த இறைச்சியை ஏன் நாடுகிறது என்று கேட்கலாம். சுப்பீரியர் ஏரியின் நடுவே உள்ள ஐல் ராயல் தீவில், ஆகாயத்திலிருந்தபடியே ஓநாய்களின் வேட்டையைக் கவனித்து ஆராய்ந்த டேவிட் மெக் என்னும் விஞ்ஞானி, அவை கண்டறிந்த 131 மூஸ் மான்களில் ஆறு மட்டுமே அவற்றுக்கு இரையாயின என்று 1966இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாத இத்தகைய உழைப்பில் ஜீவிக்கும் ஒரு குடும்பத்துக்கு, எதிர்த்து உதைக்காமலும் ஓடாமலும் கிடக்கும் ஓர் உடல் எத்துணைப் பெரிய பாக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பலவீனத்தை மனிதன் துப்பாக்கியால் பயன்படுத்திக்கொண்டது சொற்பம். விஷத்தால் பயன்படுத்திக்கொண்டதே அதிகம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் எட்டி மரத்தின் கொட்டையில் அடங்கிய ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரிகள் பிரித்தெடுத்தார்கள். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமைகளைச் சுட்டு அவற்றின் உடலில் இந்நஞ்சைத் தூவிவிட்டு, மறுநாள் வந்து சுற்றிலும் செத்துக் கிடக்கும் ஓநாய்களின் தோலை உரிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு வகுப்பார் தோன்றினார்கள். ஓநாயோடு நரியும் கழுகும் காக்கையும், சில வேளைகளில் மனிதரின் வேட்டை நாய்களும் மாண்டன. ஓநாய்த் தலைக்கு அரசாங்கமும் பண்ணைக்காரர்களும் விலை வைத்தார்கள்; 1915 முதல் மத்திய அரசே சம்பள ஆட்களை அமர்த்தியது. 1930ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில் ஓநாய் வம்சம் அநேகமாக அற்றுப்போயிற்று. அரசாங்க நிலங்களில் இத்தகைய விஷப் பிரயோகத்தை ஜனாதிபதி நிக்ஸன் ஆணையிட்டுத் தடுத்தது 1972இல்தான்.

இரையின் வல்லமைக்கும் அதன் எல்லைக்கும் ஒருங்கே சாட்சி சொல்வது, எர்னஸ்ட் தாம்ஸன் ஸீட்டன் 1898இல் வெளியிட்ட விலங்குக் கதைத் தொகுதியில் வரும் லோபோவின் வரலாறு. நியூ மெக்ஸிகோவின் கர்ரம்பா பள்ளத்தாக்கில் மாட்டு மந்தைகளை அழித்துவந்த அந்த முதிய ஓநாயின் தலைக்கு ஆயிரம் டாலர் விலை. அதைப் பிடிக்கச் சென்ற ஸீட்டன், பாலாடைக்கட்டியையும் புதிதாகக் கொன்ற கிடாரியின் சிறுநீரகக் கொழுப்பையும் பீங்கான் பாத்திரத்தில் உருக்கி, உலோக வாடை படாதிருக்க எலும்புக் கத்தியால் துண்டாக்கி, மணம் கசியாத உறைகளில் நஞ்சை அடைத்து உள்ளே வைத்து, இரத்தத்தில் தோய்த்த கையுறை அணிந்து, தம் மூச்சும் மேலே படாதபடி ஜாக்கிரதையாக வழிநெடுக இட்டுச் சென்றார். லோபோ முதல் மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்று நான்காவதன் மேல் குவித்து, அந்தக் குவியலை அசுத்தப்படுத்திவிட்டுப் போயிற்று. ஆனால் அதன் துணையாகிய பிளாங்கா என்னும் வெண்ணிறப் பெண் ஓநாய், இரையாக வைத்த மாட்டுத் தலையை மோந்து பார்க்கச் சென்று பொறியில் அகப்பட்டது. இரைக்கு ஒருபோதும் மயங்காத லோபோ, இறந்த துணையின் உடலை இழுத்து வாடையேற்றிய தடத்தைத் தொடர்ந்து வந்து, 1894 ஜனவரி இறுதியில் நான்கு கால்களும் பொறிகளில் சிக்கிக் கிடந்தது. பசிக்கு வசப்படாதது உறவுக்கு வசப்பட்டது. குரலால் அழைக்கும் வேட்டையின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

ஓநாயின் ஊளை வெறும் சப்தமன்று; சிதறிய குடும்பத்தை ஒன்று சேர்க்கவும், அயல் கூட்டத்துக்குத் தன் எல்லையை அறிவிக்கவும் அது வெகுதூரத்துக்கு விடுக்கும் செய்தி. காட்டில் பத்துக் கிலோமீட்டர் வரையிலும், மரமற்ற வெளியில் பதினாறு கிலோமீட்டர் வரையிலும் அது கேட்கக்கூடும். மனிதன் ஊளையிட்டாலும் அது பதில் கொடுக்கும் என்பதை ஆராய்ச்சியாளர் பல பிரதேசங்களில் பரீட்சித்து அறிந்திருக்கின்றனர். கனடாவின் ஆல்காங்குவின் பூங்காவில் 1963 முதல், ஆகஸ்ட் மாத இரவுகளில் பூங்கா ஊழியர் ஊளையிட, ஓநாய்கள் தரும் மறுமொழியைக் கேட்பதற்கென்றே பொதுமக்கள் திரளாகக் கூடுகிறார்கள். 1970களில் மின்னசோட்டா மாநிலத்தில் ஃபிரெட் ஹாரிங்டனும் மெக்கும் வானொலிக் கழுத்துப்பட்டை பூட்டிய ஓநாய்களிடம் செய்த ஆராய்ச்சியோ இன்னும் நுட்பமானது. புதிதாக வீழ்த்திய இரையருகிலோ குட்டிகளருகிலோ இருக்கும் கூட்டம் பதில் கொடுத்து அங்கேயே நிற்கிறது. காத்துக்கொள்ள ஏதுமில்லாத கூட்டம் பெரும்பாலும் மௌனமாக விலகிப்போகிறது. தனி ஓநாய் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. எந்த ஓநாய் ஏன் பதில் சொல்லும் என்பதை அறியாதவன் தொண்டை வற்றக் கத்தினாலும் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆகையால் குரல் கொடுப்பவன் முதலில் காலடித் தடங்களையும் எச்சத்தையும் கண்டு, கூட்டம் அருகில் இருப்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பிறகு காற்று தன் முகத்தில் படும்படியான இடத்தைத் தேர்ந்து, அயல் ஓநாயின் ஊளையையோ, குட்டியின் முனகலையோ, அடிபட்ட மான்கன்றின் அலறலையோ வாயாலும் ஊதுகுழலாலும் எழுப்புகிறான். அலறல் பசியைத் தொடுவதால், அது ஒரு வகையில் காற்றில் வைத்த இரை. ஊளை தொடுவது மானத்தை. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை நீளும் இணைசேரும் காலத்தில், அந்நியன் தன் எல்லையில் ஊளையிடுவதைக் கேட்டு ஆண் ஓநாய் சினந்து வருவதுண்டு. ஆனால் வந்து மனிதனைக் கண்டுவிட்டுத் தப்பிய ஓநாய், அதே குரலுக்கு மறுமுறை வருவது அரிது. தவறிய ஒவ்வோர் அழைப்பும் அடுத்த அழைப்பைக் கடினமாக்குகிறது.

ருஷ்ய நாட்டின் பழைய வேட்டை மரபில் இரையும் குரலும் பகையாளிகளல்ல. இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு. கோடை முடிவில் ஊளையில் தேர்ந்த ஒருவன் அந்தி வேளையில் குரல் கொடுத்து, பதிலைக்கொண்டு குட்டிகள் இருக்கும் இடத்தை அறிந்துவருவான். குளிர்காலத்திலோ மாட்டுடலை இட்டுவைப்பார்கள். அங்கேயே சுடுவதற்காக அன்று. வயிறு நிரம்பிய ஓநாய்கள் அருகிலுள்ள காட்டிலேயே பகற்பொழுதைக் கழிக்கும் என்பதற்காக. பிறகு அந்தக் காட்டைச் சிவப்புத் துணிக் கொடிகள் தொங்கும் கயிற்றால் வளைத்துவிட்டால், கொடியைத் தாண்ட அஞ்சும் ஓநாய்கள் துப்பாக்கி நிற்கும் பக்கமாகவே விரட்டப்படும். நம் நாட்டிலும், கட்டிவைத்த எருமைக் கன்றின் அருகே பரணில் காத்திருக்கும் வழக்கம் ஒருபுறமிருக்க, 1938 நவம்பரில் குமாவுன் மலையின் தாக் கிராமத்தில் ஜிம் கார்பெட் ஆட்கொல்லிப் பெண்புலியை ஆண்புலியின் குரலால் அழைத்ததையும், பழைய சேலம் ஜில்லாவின் ஜவளகிரிக் காட்டில் கென்னத் ஆண்டர்சன் அதே உபாயத்தைக் கையாண்டதையும் வேட்டை நூல் படித்தோர் அறிவர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் ஓநாயும் பாதுகாக்கப்பட்ட பிராணியாதலால், இந்த விவகாரம் நமக்கு இப்போது அறிவு சம்பந்தமானதே.

மான்டானா மாநிலத்தில் அது நடைமுறை சம்பந்தமானது. 1995, 1996ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு வம்சம் பெருகியபின், மந்தைக்காரர்களின் முறையீட்டுக்குச் செவிசாய்த்த அம்மாநிலம், 2013இல் பதிவு செய்த குரல்களை ஒலிக்கும் மின்கருவியை அனுமதித்தது; 2021இல் இரை வைப்பதையும் அனுமதித்தது. இரை அனுமதிக்கப்பட்ட முதல் பருவத்தில் அங்கே வீழ்ந்தவை 273 ஓநாய்கள். அது முந்திய பருவத்துத் தொகையைவிடக் குறைவு. கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஓநாய் தானாக வந்து விழும் என்று நம்பியவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆனால் அதே பருவத்தில், எல்லையறியாது வெளியே வந்த யெல்லோஸ்டோன் ஓநாய்கள் இருபதுக்கும் மேல் சுற்றியுள்ள மாநிலங்களில் கொல்லப்பட்டன. பூங்காவின் எல்லையை ஒட்டி வைக்கப்படும் இரை யாருடைய ஓநாயை அழைக்கிறது என்ற கேள்வி அதனால் வலுப்பெற்றது.

இரையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. நின்று தின்னும் பிராணியை நிதானமாக அடையாளம் கண்டு, குறி தவறாமல், துன்பம் நீளாமல் சுட முடிகிறது. சினந்து பாய்ந்து வருவதைச் சுடுகையில் அந்த நிதானம் கிடைப்பதில்லை. அன்றியும், முன்வந்து பதில் சொல்வது குடும்பத்தைக் காக்கும் தந்தையாகவோ தாயாகவோ இருக்கக்கூடுமாதலால், ஒரு குண்டு ஒரு கூட்டத்தையே கலைத்துவிடலாம். குரல்தான் கண்ணியமான வேட்டை என்று பெருமை பேசுவோர், காவல் புரியும் அன்பையே அது கண்ணியாக்குகிறது என்பதையும் எண்ண வேண்டும்.

ஆனால் வேட்டைக்காரன் வீடு திரும்பிய பின்னர் நிகழ்வதைக் கணக்கில் கொண்டால் தராசு சாய்கிறது. குரல் காற்றோடு போய்விடுகிறது, இரை கிடக்கிறது. கரடியும் நரியும் அதற்கு வருகின்றன. அங்கே சுடப்பட்டுக் கைவிடப்பட்ட உடலில் சிதறிய ஈயத் துணுக்குகள் கழுகின் வயிற்றில் நஞ்சாகின்றன. மானினத்தின் கொள்ளை நோய்கள் பிணத்தோடு இடம் பெயர்கின்றன. இவற்றுக்கும் மேலாக, மாட்டிறைச்சியின் சுவையை ஓநாய்க்கு மனிதனே கற்பிக்கிறான். அதே மான்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில், 2003 முதல் பண்ணைக்காரர்களும் ஊராரும் ஒன்று கூடி, இறந்த கால்நடைகளை வண்டியேற்றி அப்புறப்படுத்தி வருகிறார்கள். கரடியும் ஓநாயும் பண்ணைப் பக்கம் பழகாதிருக்க அதுவே வழி என்று கண்டிருக்கிறார்கள். ஒரு கை அள்ளி அகற்றுவதை மறு கை அள்ளி வைப்பது எந்தக் கொள்கையிலும் சேராது.

வேட்டை கூடாது என்பாருக்கு இரண்டும் ஒன்றே. வேட்டையை அனுமதிக்கத் தீர்மானித்துவிட்ட அரசுக்கோ, எந்த முறை அதிக ஓநாய்களைத் தரும் என்பதைவிட, எந்த முறை வேட்டைக்காரனுக்கு அதிகம் கற்பிக்கும், காட்டுக்குக் குறைவாகக் கற்பிக்கும் என்பதே அளவுகோலாக வேண்டும். குரல் கொடுப்பவன் ஓநாயின் குடும்பத்தையும் காலத்தையும் எல்லையையும் காற்றையும் படித்தாக வேண்டும். படிக்காதவன் வெறுங்கையோடு திரும்புவான், காட்டுக்கு நஷ்டமில்லை. இரை வைப்பவனின் அறியாமையோ அவனோடு நிற்காமல், ஓநாய்க்கும் கழுகுக்கும் பக்கத்துப் பண்ணையின் கன்றுக்கும் போய்ச் சேர்கிறது. அத்தகைய உபாயத்துக்கு அனுமதி கொடுக்குமுன், அதன் செலவை யார் ஏற்பது என்பதையும் சட்டம் எழுதியாக வேண்டும்.