போதை வீட்டில் ஒரு சிறப்புக் குழந்தை

1980-களின் பின்பாதியில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு பீதியைக் கிளப்பின. மலிவான கோகைனான ‘கிராக்’ நகரங்களில் பரவிய காலம் அது. கர்ப்பத்தில் கோகைன் பயன்படுத்திய 23 பெண்களை வைத்து மருத்துவர் ஐரா சாஸ்னாஃப் 1985-இல் வெளியிட்ட சிறிய, முதற்கட்ட ஆய்வே பத்திரிகையாளர்களுக்குப் போதுமாக இருந்தது. ஒரு தலைமுறையே மூளை வளர்ச்சி குன்றிப் பிறக்கிறது என்று எழுதித் தள்ளினார்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு பொது மருத்துவமனை, கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களைக் கேளாமலே சோதித்து, முடிவைப் போலீஸிடம் கொடுத்தது. பிள்ளை பெற்ற கையோடு கைதான தாய்மார்கள் உண்டு. அப்படிக் கேளாமல் சோதித்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 2001 ஆயிற்று.

இந்தக் கூச்சலுக்கு நடுவே ஃபிலடெல்ஃபியாவில் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஹாலம் ஹர்ட் 1989-இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். ஏழைக் குடும்பங்களில் பிறந்த 224 குழந்தைகள். பாதிப் பேரின் தாய்மார் கோகைன் எடுத்தவர்கள், மீதிப் பேரின் தாய்மார் எடுக்காதவர்கள். இந்தக் குழந்தைகளில் பலரை, வளர்ந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார். நான்கு வயதில் முதல் பிரிவின் சராசரி ஐ.க்யூ. 79, இரண்டாவது பிரிவுக்கு 81.9. இடைவெளி மிகச் சிறியது. ஆனால் இரு பிரிவுமே நாட்டின் சராசரியைவிடக் கீழே கிடந்தன. ஏன்? ஏழு வயதில் குழந்தைகளிடமே கேட்டார்கள். 81% பேர் யாரோ ஒருவர் கைதாவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். 74% பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். வறுமைதான் கோகைனைவிடப் பெரிய கேடு என்று ஹர்ட் முடிவுக்கு வந்தார். பரிவும் பேச்சும் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் மேலே வந்தார்கள்.

கோகைன் தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. குறைப்பிரசவத்துக்கும், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதற்கும் அது காரணமாகிறது. மதுவோ கருவின் மூளையையே நேரடியாகச் சிதைக்கிறது. சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் 1973-இலேயே அதைப் பதிவு செய்தார்கள். அந்தப் பாதிப்பு ஆயுளுக்கும் தொடரும். கிராக்குக்காக அலறியவர்கள், கடையில் சட்டப்படி கிடைக்கும் பாட்டிலுக்காக அந்த அளவு அலறவில்லை என்பது எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

எந்தக் காரணத்தாலோ வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்துவிட்ட குழந்தை, போதைக்கு அடிமையான பெற்றோரிடம் வளர்ந்தால் என்ன ஆகும்? முதலில் பொதுநிலையைப் பார்ப்போம். நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் 50,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை சல்லிவனும் நட்சனும் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். குறைபாடு இல்லாத குழந்தைகளில் 9% பேர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகியிருந்தார்கள். குறைபாடு உள்ளவர்களில் அது 31%.

ஒரு சிறப்புக் குழந்தையின் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். வலிப்பு மருந்தை நேரம் தவறாமல் யாராவது அளந்து ஊட்டவேண்டும். ஊட்ட வேண்டிய அப்பா போதையில் கிடந்தால் ஒரு வேளை தவறும், மறுவேளையும் தவறும். திடீரென்று நின்றுபோன மருந்தால் வலிப்பு விடாமல் தொடர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்கு எழுதித் தந்த குளோபசாம், குளோனசெபாம் மாத்திரைகளைப் பெரியவர்களே போதைக்கு விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. பேச்சு வராத பிள்ளை பசியையும் பயத்தையும் எப்படிச் சொல்லும்? கையைக் கடித்துக்கொள்ளும், தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும். “அவன் அப்படித்தான்” என்று நாம் அதையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சிறப்பாசிரியர்களும் தெரபிஸ்டுகளும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுதான். நேற்றுவரை இல்லாத நடத்தை இன்று வந்திருக்கிறதென்றால், வீட்டில் என்ன மாறியது என்று விசாரிக்க வேண்டும்.

பெற்றோரைத் தண்டித்துவிட்டால் குழந்தை பிழைத்துவிடுமா? லண்டனில் நீதிபதி நிக்கலஸ் கிரிக்டன் 2008-இல் வேறு வழியை முயன்றார். போதையால் பிள்ளையை இழக்கும் நிலையில் உள்ள பெற்றோருக்கென ஒரு தனி நீதிமன்றம். ஒரே நீதிபதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வக்கீல்கள் இல்லாமல், அவர்களோடு நேரில் பேசுவார். சிகிச்சைக் குழு கூடவே இருக்கும். திருந்தவில்லை என்றால் குழந்தைக்கு வேறு வீடு, அதிலும் தாமதம் கூடாது. புரூனல் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டில், இந்த நீதிமன்றத்துக்கு வந்த தாய்மாரில் 40% பேர் போதையை விட்டிருந்தார்கள். வழக்கமான நீதிமன்றங்களில் அது 25%. நம் குடும்ப நீதிமன்றங்களிலும் இதைத் தொடங்கிப் பார்க்கலாம் என்பது என் துணிபு.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு குழந்தை இருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். போதையை விட நினைக்கும் பெற்றோருக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.