சப்வூஃபர் இருந்தும் மேளச் சத்தம் எங்கே?

என் தம்பி தன் மைவி காரின் பூட்டில் 10 அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பொருத்தினான். பூட்டைத் திறந்து பின்னால் நின்றால் நெஞ்சு அதிர்ந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாலோ, மேளச் சத்தம் முன்பைவிடக் குறைவாகவே கேட்டது! கடையில் கேட்டதற்கு, இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொன்னார்களாம். “கொஞ்சம் பொறு தம்பி, காசு கையிலேயே இருக்கட்டும்” என்றேன்.

கதவில் இருக்கும் சிறிய ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலிக்குத் தேவையான அளவு காற்றைத் தள்ள முடியாது. வற்புறுத்தினால் கரகரக்கும். எனவே கிராஸ்ஓவர் எனும் வடிகட்டி வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. தம்பியின் காரில் எல்லை 80 ஹெர்ட்ஸ். அதற்கு மேலுள்ள ஒலி கதவு ஸ்பீக்கருக்கு, கீழுள்ளது சப்வூஃபருக்கு. ஆனால் இது கத்தியால் வெட்டிய எல்லை அன்று, ஒரு சரிவு. ‘12 டெசிபெல்’ சரிவில், 40 ஹெர்ட்ஸ் ஒலி கதவு ஸ்பீக்கருக்குப் போகும்போது அதன் திறன் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காகக் குறையும். 80 ஹெர்ட்ஸ் அருகிலோ இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே ஒலியை எழுப்புகின்றன.

சிக்கல் அங்கேதான். ஒன்று காற்றைத் தள்ளும் அதே கணத்தில் மற்றது இழுத்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். படிவம் 4 இயற்பியலில் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் நடந்து, சத்தம் கூடுவதையும் குறைவதையும் கேட்பீர்களே, அதே அலைக் குறுக்கீடுதான். பூட்டின் பின்னால் நிற்பவருக்குச் சப்வூஃபர் மட்டுமே உரக்கக் கேட்பதால் இந்த இழப்பு தெரிவதில்லை.

இரண்டும் ஏன் முரண்படுகின்றன? 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்லும். ஆகவே 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 4.4 மீட்டர். கதவைவிடப் பூட் 1.1 மீட்டர் தள்ளியிருந்தால், சப்வூஃபரின் அலை கால் அலைநீளம், அதாவது 90 பாகை, பின்தங்கும். வடிகட்டியும் சும்மா இருப்பதில்லை. 12 டெசிபெல் வடிகட்டி, எல்லை அதிர்வெண்ணில் சப்வூஃபரின் அலையை 90 பாகை பின்னும், கதவு ஸ்பீக்கரின் அலையை 90 பாகை முன்னும் நகர்த்திவிடும். போதாததற்கு யாராவது கம்பியை மாற்றி இணைத்திருக்கலாம்.

எல்லாவற்றையும் காகிதத்தில் கூட்டிக் கழித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கண்ணாடியும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி, கணக்கைக் குழப்பிவிடுகின்றன. காதையே நம்ப வேண்டியதாயிற்று.

நிறுத்தி வைத்த காரில், 80 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக ஒலிக்கவிட்டோம். தம்பி ஓட்டுநர் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்தான். நான் பூட்டில் குனிந்து, ஆம்ப்ளிஃபையரில் ‘ஃபேஸ்’ என்று எழுதியிருந்த சுவிட்சை 0-க்கும் 180-க்கும் மாற்றி மாற்றித் தட்டினேன். எது எந்த நிலை என்று அவனிடம் சொல்லவில்லை. தெரிந்தால் காது பாரபட்சம் காட்டும். ஐந்து முறையும் அவன் “இதுதான் பலம்” என்றது 180-ஐத்தான்.

பிறகு பாட்டைப் போட்டான். சப்வூஃபரின் ஒலியைக் குறைக்கக்கூட வேண்டியிருந்தது. நான் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அங்கே மேளம் அவ்வளவு எடுப்பாக இல்லை. தூரம் மாறிவிட்டதே!