கோபோல் படிக்க வந்த பைத்தான் தலைமுறை

2020 ஏப்ரல். கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்ததில், நியூஜெர்சி மாநில அரசின் பழைய கணினிகள் திணறின. அவற்றில் ஓடிய கோபோல் என்ற நிரல் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று ஆளுநர் ஃபில் மர்ஃபி செய்தியாளர்கள் முன்னிலையில் கேட்டுக்கொண்டார். அதே மாதம் இலவசக் கோபோல் பயிற்சியை ஐபிஎம் அறிவித்தது.

1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி இது. கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழி இதற்கு முன்னோடி. கட்டளைகள் ஆங்கில வாக்கியம் போலவே இருக்கும் என்பதால், பைத்தான் மொழியில் வளர்ந்தவர்கள் முதல் நாளில் ‘இவ்வளவுதானா?’ என்றே நினைக்கிறார்கள்.

சிக்கல் அடுத்துதான். பழைய முறைப்படி ஒரு வரியின் முதல் ஆறு கட்டங்கள் வரிசை எண்ணுக்கு. ஏழாவதில் நட்சத்திரக் குறி இட்டால் அந்த வரி வெறும் குறிப்பு. கட்டளைகள் பன்னிரண்டிலிருந்து எழுபத்திரண்டுக்குள் அடங்க வேண்டும். 80 கட்டத் துளை அட்டைகள் விட்டுச்சென்ற விதி. ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினால் ‘இஃப்’ நிபந்தனை பாதியிலேயே முடிந்துவிடும். நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் பெரும்பாலும் வாய் திறக்காது. நான்கு இலக்க இடத்துக்குள் 12345-ஐ நகர்த்தினால், முன்னால் இருக்கும் 1 சத்தமில்லாமல் காணாமல் போய் 2345 மட்டும் மிஞ்சும். அது ஒருவருடைய சம்பளமாக இருந்தால்?

ஆனால் பணக் கணக்கில் கோபோல் துல்லியம். பைத்தானில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கோபோலில் தசம இலக்கங்களை முன்கூட்டியே வரையறுத்துவிடுவதால் விடை 0.3-தான். வங்கிகள் கோபோலை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழசு என்று ஒதுக்குவது இந்த மொழிக்குச் செய்யும் அநியாயம்.

உண்மையில் ஆளைத் திணறடிப்பது இலக்கணம் அல்ல, நிரல். எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டவர்கள் எழுதியது. சட்டம் மாறும்போதெல்லாம் ஒட்டுப்போட்டது. ஒரு வரி ஏன் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அதைத் தொட, உதவித்தொகை விதியையும் வட்டிக் கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1990-களின் பிற்பகுதியில் சென்னையிலும் பெங்களூரிலும் ஏராளமானோர் கோபோல் கற்றது ஒய்2கே எனப்பட்ட 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைச் சரிசெய்யும் வேலைக்காக. ஆண்டை இரண்டே இலக்கத்தில் சேமித்திருந்த நிரல்களுக்கு 2000 பிறந்தால் 1900 ஆகிவிடும் ஆபத்து இருந்தது. பல இடங்களில் நான்கு இலக்கமாக மாற்ற அவகாசமில்லை. அதனால் 50-க்குக் கீழே இருந்தால் முன்னால் 20, மற்றபடி 19 என்பதுபோல் எல்லை வைத்தார்கள். எல்லை நிரலுக்கு நிரல் மாறும். அப்படித் திருத்திய நிரல் இன்னும் ஓடும் இடங்களில், அந்த எல்லை ஆண்டு வருவதற்குள் அதைத் தேடிப்பிடித்து மாற்றும் வேலை இப்போது படிக்க வருபவர்களுக்குக் காத்திருக்கிறது.