டயர் வண்டிக்குப் பழைய முன் இருசு: எது ஆகும், எது ஆகாது?

டயர் வண்டி கட்ட நினைக்கும் சிறு விவசாயிக்குப் பலகையும் சட்டமும் பெரிய காரியமல்ல. ஊர்த் தச்சரும் வெல்டிங் பட்டறையும் சேர்ந்து முடித்துவிடுவார்கள். கையைக் கடிப்பது இருசும் சக்கரமும்தான். ஆகவே காஞ்சிபுரம் பக்கத்து விவசாயி காயலான் கடையில் கிடக்கும் பழைய வண்டியின் முன் இருசைப் பார்க்கிறார். அங்கே அகப்படாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். நல்லது அமைந்தால் நெடுங்காலம் உழைக்கும். கெட்டது அமைந்தால் நெல் மூட்டையோடு ஏரிக்கரை இறக்கத்தில் முறியும். அப்போது போவது இரும்புக்குக் கொடுத்த பணம் மட்டுமல்ல, மாட்டின் காலும்தான்.

முன் இருசைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. லாரியின் பின் இருசில் நடுவே பல்சக்கரங்கள் அடங்கிய பெரிய உருண்டையும், அதற்கு எண்ணெயும் இருக்கும். மாட்டு வண்டிக்கு அது வீண் பாரம். முன் இருசோ ஒரே இரும்பு. இரு முனையிலும் ஹப்பும் பேரிங்கும் மட்டுமே.

கடைக்காரர் சொல்லும் பெயரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இரும்பே தன் சாதியைச் சொல்லும். லாரி இருசு பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்கியது. அதன் குறுக்குவெட்டு ஆங்கில 'ஐ' எழுத்துப் போல இருக்கும். நடுப்பகுதி தாழ்ந்து, முனைகள் மேலே வளைந்திருக்கும். வில் பட்டை உட்காரும் இரண்டு தட்டையான இடங்களில் யு போல்ட்டுக்குத் துளைகள் காணப்படும். 'அம்பாசடர் முன் ஆக்சில்' என்று எதையாவது காட்டினால் நகர்ந்துவிடலாம். 1958 முதல் 2014 வரை உத்தரபாராவில் செய்யப்பட்ட அந்தக் காரின் பழைய மாடல்களில் முன் சக்கரங்கள் தனித்தனியே தொங்குபவை. இரண்டையும் இணைக்கும் இருசே கிடையாது. பழைய ஜீப்பின் முன் இருசில் பின்பக்கத்தைப் போலவே பல்சக்கர உருண்டை உண்டு. சக்கரத்தில் ஐந்து போல்ட் இருந்து, அவற்றின் வட்டம் ஐந்தரை அங்குலமாக இருந்தால் அது ஜீப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்து போல்ட் வட்டத்தை நேராக அளக்க முடியாது. ஒரு போல்ட்டின் மையத்திலிருந்து அடுத்ததை விட்டு அதற்கடுத்ததன் மையம் வரை அளந்து, அதை 0.951 ஆல் வகுத்தால் வட்டத்தின் விட்டம் வரும். ஆறு, எட்டு, பத்து போல்ட்டானால் எதிரெதிர் மையங்களை அளந்தால் போதும். இந்த அளவு தெரியாமல் சக்கரத்தைத் தனியாக வாங்கிவிட்டு விழிப்பதில் பயனில்லை.

அடுத்தது அகலம். பெரிய லாரியின் முன் இருசு கிராமத் தெருவுக்கும் வயல் வரப்பு வழிக்கும் அகலம் அதிகம். நடுவே வெட்டிக் குறுக்கித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொல்லலாம்; சம்மதிக்கக் கூடாது. இவ்வகை இரும்பில் வெல்டிங் வைத்தால், சூடு பட்ட ஓரம் இறுகி நொறுங்கும் தன்மை பெறும். பிறகு அங்கேதான் விரிசல் விடும். இரண்டு மாட்டு வண்டிக்கு 1986-இல் வந்த டாட்டா 407 போன்ற சிறு லாரிகளின் முன் இருசு பொருத்தமாக இருக்கும். அதையும் தெருவை அளந்த பிறகே வாங்க வேண்டும்.

இனி இரும்பின் உடல்நலம். இருசை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவித் துடைத்து, வளைவுகளிலும் முனைக் கண்களைச் சுற்றிலும் சுண்ணாம்பு பூசிக் காயவிட வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் ஒரு மணி நேரத்துக்குள் கறுப்புக் கோடாகக் கசிந்து சுண்ணாம்பில் தெரியும். ஒரு மயிரிழை தெரிந்தாலும் எடைக்குப் போட வேண்டியதுதான். முன்பு யாரோ வெல்டிங் வைத்த தழும்பு இருந்தாலும் அதே கதி. வளைவைக் கண்டுபிடிக்க, இரு முனைக் கண்களின் மையங்களுக்கு இடையே நூல் பிடித்து, இரண்டு வில் பட்டை இடங்களிலிருந்தும் நூலுக்குள்ள தூரத்தை அளக்க வேண்டும். பட்டு நெய்கிற ஊரில் நல்ல நூலுக்குப் பஞ்சமில்லை. முறுக்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அந்த இடங்களில் இரண்டு நேர்க் கம்பிகளைக் குறுக்கே வைத்து ஒரு பக்கமிருந்து கண்ணால் நோக்கினால் தெரிந்துவிடும்.

பேரிங் வளையத்தில் பொறித்த எண் பழைய இருசுக்கு ஜாதகம் மாதிரி. 30208 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும்: உள்விட்டம் 40 மில்லிமீட்டர். 32210 என்றால் 50. அந்த எண்ணைச் சொன்னால் புதியது கிடைக்கும்; வண்டியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. உருளைகள் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தவை, மாற்றிவிட வேண்டும். மாட்டும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, ஊசி போட வேண்டும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இனிமேல்தான். லாரியின் முன் சக்கரங்கள் கிங்பின்னைப் பிடித்து இடம் வலம் திரும்பக்கூடியவை. மாட்டு வண்டிக்கு அந்தத் திருப்பம் கூடாது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேரைப் பார்க்கிறவர்களுக்கு இது எளிதாக விளங்கும். தேரின் அச்சு திரும்புவதில்லை. முட்டுக்கட்டை போட்டுத்தான் தேரைத் திருப்புகிறார்கள். (திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை.) வண்டியை மாடுகள் திருப்பும், சக்கரங்கள் நேரே நிற்க வேண்டும். ஆகவே இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றாமல், டயர்களுக்கு இடையே முன்பக்க அளவும் பின்பக்க அளவும் சரியாக ஒன்றாகும்படி வைத்து, இருபுறமும் இரும்புப் பட்டை கொடுத்து போல்ட்டால் பூட்டிவிட வேண்டும். வெல்டிங் இங்கும் வேண்டாம். அளவு பிசகினால் டயர் தேயும். மாடுகள் காரணம் புரியாமல் கூடுதலாக இழுக்கும்.

டயர் வண்டி லேசாக உருளும் என்பது ஏற்றத்தில் வரம், இறக்கத்தில் ஆபத்து. இரும்புப் பட்டா வண்டியைவிட இதற்குத்தான் பிரேக் அவசியம். பழைய இருசோடு வரும் டிரம்மைத் தூக்கி எறியாமல், கேம் தண்டுள்ள வகையானால் நீண்ட கைப்பிடி வைத்து வண்டிக்காரர் இழுக்கும்படி செய்யலாம். எண்ணெய் பிரேக்கில் சிலிண்டர் துருப்பிடித்து ஷூ உரசிக்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்யாமல் மாட்டைப் பூட்டக் கூடாது.

வண்டிச் சட்டத்தை இருசின் வில் பட்டை இடங்களில் யு போல்ட்டால் கட்ட வேண்டும். பாரம் ஏற்றிய பின் நுகத்தடி மாட்டின் கழுத்தில் லேசாக அமர வேண்டும். ஏர்க்கால் மேலே தூக்கினால் கழுத்துக் கயிறு தொண்டையை நெரிக்கும். அதிகம் அழுத்தினால் கழுத்து புண்ணாகும். சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்த பிறகே துளை போடுவது நல்லது.

இதையே டிராக்டருக்குப் பின்னால் கட்டிச் சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். மாட்டு வண்டி மோட்டார் வாகனம் அல்ல. ஆனால் டிராக்டர் இழுக்கும் டிரெய்லர் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியது. பட்டறையில் கட்டியதைப் பதிவின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால் வழக்கும் இழப்பீடும் நிலத்தைத் தின்றுவிடும். இருசை வாங்கும்போது கடையில் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். திருட்டு வண்டியின் பாகம் என்று பின்னால் யாரும் வந்து நிற்கக் கூடாதல்லவா?

வண்டி ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு முறையாவது யு போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். புது மரமும் பழைய இரும்பும் ஒன்றோடொன்று பழகும்வரை அவை தளர்ந்துகொண்டே இருக்கும்.