சீரும் சீரும் சேரும் இடம்

வெண்பாவின் ஓசை எங்கே பிறக்கிறது என்று கேட்டால் எதுகையையும் மோனையையும்தான் முதலில் காட்டுவோம். அவை காதில் உடனே விழுகின்றன. ஆனால் எல்லாப் பாக்களுக்கும் பொதுவானவை. வெண்பாவுக்கே உரிய செப்பலோசை, ஒரு சீர் முடிந்து அடுத்த சீர் தொடங்கும் இடத்தில் பிறக்கிறது. அந்த உறவுக்குத்தான் தளை என்று பெயர். சீர்கள் அசைகளால் ஆனவை. குறிலோ நெடிலோ தனித்தோ ஒற்றோடோ நின்றால் நேரசை. குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து வந்தால் நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். வெண்பாவில் மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்குப் பின் நேர் வர வேண்டும். அகவல் எனப்படும் ஆசிரியப்பாவின் இயல்பான தளைகளில் நேருக்குப் பின் நேரும் நிரைக்குப் பின் நிரையும் வரும். வெண்பாவின் ஈரசைச் சீர்களோ சேரும் இடத்தில் மாறுபட்டே ஆக வேண்டும்.

‘காலை வெயிலில் பனித்துளி காயும்’ என்று ஓர் அடியை நாமே கட்டிப் பார்ப்போம். தேமா, புளிமா, கருவிளம், தேமா. தளை எங்கும் தட்டவில்லை. பனித்துளியை எடுத்துவிட்டு நீர்த்துளியை வையுங்கள். பொருள் பெரிதாக மாறவில்லை, மோனையும் அப்படியே இருக்கிறது. ஆனால் ‘வெயிலில்’ என்ற மாச்சீருக்குப் பின் நேரசை வந்துவிட்டது. அந்த ஓரிடத்தில் வெண்டளை போய் ஆசிரியத்தளை நுழைந்துவிட்டது.

மூவசையாய் நேரில் முடியும் காய்ச்சீருக்குப் பின்னும் நேர்தானே வருகிறது, மாறுபாடு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்க்குப் பின் நிரை வந்தால் அது கலித்தளை. கலிப்பாவின் துள்ளல் உள்ளே வந்துவிடும். ஆக, மாறுபாடு ஒரு வழிதான். பிற பாக்களின் ஓசையை விலக்குவதே வெண்பாவின் நோக்கம் என்று நான் கருதுகிறேன். தொல்காப்பியச் செய்யுளியலும் வெண்பாவின் ஓசைக்குத் தனிப்பெயர் சூட்டாமல், அகவல் அல்லாதது என்றே வரையறுக்கிறது. செப்பல் என்ற பெயரைப் பிற்கால யாப்பு நூல்களில் காண்கிறோம்.

தளை சரியாக இருந்தால் மட்டும் கவிதையாகிவிடுமா? ஆகாது. மேலே கட்டிய அடியே அதற்குச் சான்று. சீர்களை அசைகளாகப் பிரித்து அலகிடுவது ஓசையின் அமைப்பைக் காட்டும். கவிதையின் தரத்தை அளக்காது. இன்னொன்று: இன்றைய பதிப்புகள் பலவற்றில் படிப்பதற்கு எளிதாகச் சந்தி பிரித்து அச்சிடுகிறார்கள். அப்படியே அலகிட்டால் பிழையில்லாத வெண்பாவும் தளை தட்டுவதாகத் தோன்றும். சொற்களைச் சீர்களாகச் சேர்த்து, வாய்விட்டுப் படித்த பிறகு அலகிடுங்கள்.